ஒன்பது மணித் தண்ணீரும் ஒரு டியூப் ரத்தமும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தாராவியில், என் மகள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது நடந்தது இது. கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள்.

எட்டரைக்குக் குடித்தேன். தித்திப்பு குமட்டிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய கவலை வேறு. எங்கள் சந்தில் ஒன்பது மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும், அதுவும் ஒரு மணி நேரம். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தானே என்று நைசாக நழுவினேன். எட்டுக் குடம் பிடித்து டிரம்மில் ஊற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

ரத்தம் எடுத்தவர் மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழ்ப் பெண்மணி. "நடுவுல எங்கேயாவது எழுந்து போனேளா?" என்று கேட்டார். கூசாமல் "இல்லக்கா" என்றேன்.

இரண்டு டியூபில் எடுத்தார். ஒன்று எனக்கு, இன்னொன்று ஆராய்ச்சிக்கு. இப்படி யாரும் தித்திப்புத் தண்ணீர் குடித்துக் காத்துக் கிடக்காமல், ரத்தத்தில் இருக்கும் வேறு சில பொருள்களை வைத்தே சர்க்கரையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். என்னைப் போல நிறையப் பெண்களிடம் வாங்கி ஒப்பிடுவார்களாம். எடுப்பதற்கு முன்பே சம்மதம் கேட்டு, படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

வாசல் வரை வந்துவிட்டேன். கால் நகரவில்லை. என் வரைக்கும் என்றால் வாயைத் திறந்திருக்க மாட்டேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான். ஆனால் எவளோ ஒருத்தியின் பிள்ளைக்கு என் பொய்யால் கணக்கு தப்பாகிவிடுமே என்று மனசு கேட்கவில்லை.

திரும்பிப் போய், "அக்கா, பொய் சொல்லிட்டேன். நடுவுல போயி தண்ணி பிடிச்சிட்டு வந்தேன்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லவேளை சொன்னேள். இப்படிச் சுமை தூக்கினா சர்க்கரை குறைச்சலாக் காட்டும்" என்று சொல்லி, இரண்டு டியூபையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு நாள் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "கூறுகெட்டவளே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நீ அங்கன போயி உக்காருட்டி, தண்ணிய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். இரண்டாம் முறை அசையாமல் உட்கார்ந்து, ஆராய்ச்சிக்கும் ஒரு டியூப் கொடுத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

அந்தச் சோதனையில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. சாப்பாட்டை மாற்றினேன், மாத்திரை சாப்பிட்டேன், தினமும் நடந்தேன். மகள் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தாள். யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காகத் திரும்பிப் போனேன், பிழைத்தது என் பிள்ளை.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லையாம். அது என்றைக்கு முடிந்தாலும், அதில் இந்தத் தாராவிக்காரியின் ரத்தமும் ஒரு டியூப் இருக்கிறது, அதில் பொய் இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.