முன்வரிசை

அக்காவும் தங்கையும் ஒரே நடனக் குழுவில் நாற்பது வருடங்கள் ஆடினார்கள். முன்வரிசையில் அக்கா, அவளுக்கு நேர் பின்னால் தங்கை. அக்காவின் பின்னல் சாயும் பக்கம் தங்கையின் கால் தானாகப் போகும். கருகருவென்று இருந்த அந்தப் பின்னல் நரைத்து மெலிந்துபோனதையும் அங்கே நின்றேதான் பார்த்தாள்.

இடுப்பெலும்பு முறிந்து அக்கா ஆட்டத்தை நிறுத்தியதும், அறுபத்தாறு வயதில் தங்கை முதன்முறையாக முன்வரிசைக்கு வந்தாள். எதிரே அரங்கின் இருட்டுதான் தெரிந்தது. அந்தப் பின்னலை நினைத்துக்கொண்டே ஒருவழியாக ஆடி முடித்தாள்.

ஊன்றுகோலோடு ஒப்பனை அறைக்கு வந்த அக்காவிடம், "நீ இல்லாம கையும் ஓடல, காலும் ஓடலக்கா" என்றாள்.

"அடி போடி! இத்தனை வருஷம் உனக்கு முதுகைக் காட்டியே ஆடிட்டேன். நீ இவ்வளவு நல்லா ஆடுவேன்னு இன்னைக்குத்தான் பார்க்குறேன்" என்றாள் அக்கா.

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதடி, மை கலையுது. சாயங்காலம் இன்னொரு ஆட்டம் இருக்குல்ல?"