கடைசிக் கண்ணி

கடைசி நிறுத்தத்தில் பேருந்து நின்று, பயணிகள் இறங்கி முடிப்பதற்குள் ஓட்டுநரின் கை இருக்கைக்கு அடியில் போய்விடும். ஸ்பேனரும் திருப்புளியும் கிடக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை. அதிலிருந்து கொக்கி ஊசியும், பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டிய கம்பளிப் பின்னலும் வெளியே வரும். திரும்பக் கிளம்பப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. ஸ்டியரிங் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கண்ணி கண்ணியாக எண்ணிப் பின்ன ஆரம்பிப்பார். வரிசைக்கு நூறு கண்ணி.

வயது ஐம்பத்தொன்று. நேரம் என்றால் மனிதர் மகா கறார். "இருபத்திரண்டு வருஷத்துல என் வண்டி லேட்டுன்னு ஒரு ஆள் சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன்" என்பார். கண்டக்டர் இரட்டை மணி அடித்த கையோடு சக்கரம் உருண்டாக வேண்டும்.

இந்தப் பின்னல் பைத்தியத்தை அவருக்குத் தொற்றவைத்தவர்கள் காலை டிரிப்பில் ஏறும் மூன்று நர்சுகள். நேர் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பின்னுவார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் இவர் உள்கண்ணாடியில் பார்ப்பார். திங்கட்கிழமை கைக்குட்டை அளவு இருந்தது வெள்ளிக்கிழமை மடியை நிறைத்திருக்கும். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம் என்று கண்ணாடி முழுக்க வண்ணம். கை நமநமவென்று அரிக்கும், கேட்கத்தான் கூச்சம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதே வண்டியில் ஏறி, பாதி முடிந்த குல்லாய் ஒன்றை எடுத்துக் கூச்சநாச்சமில்லாமல் பின்ன ஆரம்பித்த அன்றுதான் இவருக்கும் வாய் திறந்தது.

"சிஸ்டர், எனக்கெல்லாம் இது வருமா?"

"பத்து விரல் இருக்குல்ல? வரும்ணே," என்றார் மூத்த நர்சு.

ஊசி அவர் கொடுத்தது. நூல் ஆளாளுக்கு மிச்சம்மீதி கொடுத்தது. தபால்காரர் ஒரு பந்து ஊதாவை ஓட்டுநரின் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

பின்னுவது போர்வை, அதுவும் மனைவிக்கு. அந்த அம்மாளுக்கு மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் வேலை. வீடு திரும்பி வெகுநேரம் ஆனாலும் பாதம் இரண்டும் சில்லென்று இருக்கும். ஆனால் கணவரை அவர் நம்பத் தயாராக இல்லை. பரண் மேல் கழற்றிப் போட்ட சைக்கிளும், கதவு வைக்காத அலமாரியும், ஒரு பாட்டுகூடக் கற்றுக்கொள்ளாத புல்லாங்குழலும் சாட்சிக்கு இருக்கின்றன. எதிலாவது ஒரு தப்பு வந்துவிட்டால் போதும், மனிதர் அதைப் பரணில் ஏற்றிவிடுவார். "ஆரம்பசூரத்தனத்துக்குக் கோப்பை குடுத்தா உங்களுக்குத்தான். அதையும் பாதி வழியில வெச்சுட்டு வந்துடுவீங்க" என்பார் மனைவி.

நாற்பதாவது வரிசை முடிந்த அன்று மூத்த நர்சு ஆசையாக அதை வாங்கி, சீட்டின் மேல் விரித்தார். அகலமாக ஆரம்பித்த போர்வை வரவர ஒடுங்கிக்கொண்டே போயிருந்தது.

"யோவ், இது போர்வையா புனலா?" என்றார் கண்டக்டர்.

நர்சு ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "கடைசிக் கண்ணியை விட்டுட்டு விட்டுட்டுத் திரும்பியிருக்கீங்கண்ணே. இருபத்தாறு போச்சு."

எப்படிப் போனது என்று ஓட்டுநருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு கண்ணி மிச்சமிருக்கும்போது மணி அடிக்கும். ஒண்ணுதானே, வந்து பார்த்துக்கலாம் என்று ஊசியைச் செருகிவிட்டு கியரைப் போடுவார். வந்ததும் அதை மறந்துவிட்டுப் புது வரிசை. மணி தவறாதவருக்குக் கண்ணி தவறியிருக்கிறது. முகம் தொங்கிப்போயிற்று.

"பிரிச்சுத்தான் ஆகணுமா, சிஸ்டர்?"

"அஞ்சாவது வரிசை வரைக்கும்."

ஐந்து நாள் துணிப்பை வண்டிக்கு வரவில்லை. நர்சுகள் கேட்கவில்லை, இவரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆறாவது நாள் விடுமுறை. பரணுக்கு ஏணி போட்டவரை மனைவி பிடித்துக்கொண்டார்.

"இதையும் ஏத்தப்போறீங்களா?"

"கோணிப்போச்சும்மா. உனக்குன்னு செஞ்சது, இப்படியா குடுக்கறது?"

அந்த அம்மாள் பையைப் பிடுங்கி, நூல் நுனியைத் தேடி, தன் விரலில் சுற்றிக்கொண்டார். "இழுங்க. நான் சுத்தறேன்." ஊதா போயிற்று, மஞ்சள் போயிற்று. பொழுது சாய்வதற்குள் மடியில் ஒன்பது பந்துகள் சேர்ந்தன. கடைசிப் பந்தைக் கணவர் கையில் வைத்தபோது, "எனக்குக் கால் வரைக்கும் வரணும், சொல்லிட்டேன்" என்றார். ஓட்டுநர் எழுந்துபோய் ஏணியை எடுத்து வைத்தார்.

இப்போது மறுபடி முப்பத்திரண்டாவது வரிசை. இரண்டு ஓரமும் நூல் பிடித்தாற்போல் நேர்.

கடைசி நிறுத்தத்தில் இரட்டை மணி அடிக்கிறது. வண்டி நகரவில்லை. "மீசை போச்சுய்யா!" என்று கத்துகிறார் கண்டக்டர். ஓட்டுநர் திரும்பாமலே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுகிறார். நூறாவது கண்ணியை இழுத்து முடிக்கிறார். ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சாவியைத் திருப்புகிறார்.