கிள்ளான் திராட்சைக்கு நான் சொன்ன தீர்ப்பு

செடிகளின் நோயைக் கண்டுபிடிப்பது என் தொழில். அதில் பாதி ஆயுளைக் கழித்த பிறகு, நோயே இல்லாத ஒரு திராட்சைக் கொடியை வெட்டச் சொன்னவன் நான்.

ஷா ஆலமில் எங்கள் லேப். திராட்சை இலைக்கும் தண்டுக்கும் உள்ளே வாழும் பூஞ்சைகளைப் பிரித்தெடுக்கும் வேலை வந்தது. ஆல்கஹாலிலும் பிளீச்சிலும் முக்கினால் வெளியே ஒட்டியிருப்பவை சாகும். பிறகு, வடிகட்டிய காற்று வீசும் கேபினெட்டுக்குள் துண்டு போட்டு, பூஞ்சை வளரும் கூழ் ஊற்றிய அகர் பிளேட்டில் வைப்போம். முளைப்பது உள்ளே குடியிருந்தது என்று கணக்கு. நல்ல கொடியிலும் பூஞ்சை உண்டு; பெரும்பாலும் சத்தம் போடாத வாடகைக்காரர்கள்.

கொடி கொடுத்தவர் கிள்ளான் பரமேஸ்வரி ஆன்டி, ரிட்டயர்ட் டீச்சர். கார் போர்ச் மேல் பல வருடம் இலை மட்டும் காட்டிய கொடி, அப்போதுதான் முதல் குலை விட்டிருந்தது. தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

என் பிளேட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே பச்சைப் பூஞ்சை. இலை, காம்பு, தண்டு, எதுவும் பாக்கியில்லை. போன் போட்டேன்.

“கொடி முழுக்கப் பரவிடுச்சு ஆன்டி. வெட்டி எரிச்சிடுங்க. பக்கத்து வீட்டுச் செடிக்கும் போயிடும்.”

“குலை விட்டிருக்கே தம்பி. பார்க்க நல்லாத்தானே இருக்கு?”

“உள்ள இருக்கு ஆன்டி. வெளிய தெரியாது.”

“சரி, நாளைக்குக் காலையில ஆள வரச் சொல்றேன்.”

மறுநாள் காலை என் மேலதிகாரி புவான் ரோஹானா பிளேட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “பிளாங்க் பிளேட் மானா?”

கேபினெட்டுக்குள் சும்மா திறந்து மூடிய வெறும் பிளேட் எங்கே என்கிறார். காற்று சுத்தமா என்று சொல்வது அதுதான். பிளேட்டுகளுக்குப் பின்னால் நான் பார்க்காமலே வைத்திருந்தேன். எடுத்தேன். திராட்சையே படாத பிளேட்டில் அதே பச்சை.

புவான் கேபினெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். சுத்தமான காற்று வெளியே வரும் கம்பி வலையின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, பச்சைப் பூசணம் பூத்து. ஆயுத பூஜையன்று, மெஷினுக்கு நெற்றி எது என்று வெகுநேரம் யோசித்து நான் வைத்தது.

“நெக்ஸ்ட் இயர், பொட்டு ஆல்சோ ஆட்டோகிளேவ் லா,” என்றார் புவான், கருவிகளை ஆவியில் வேகவைத்துக் கிருமி கொல்லும் பெட்டியைக் காட்டி.

ஆன்டி போனை எடுக்கவில்லை. ஃபெடரல் ஹைவேயில் பறந்தேன். அதாவது, ஜாமில் நின்றேன். போய்ச் சேர்ந்தபோது ஏணியில் ஒருவர் பாராங் கத்தியோடு நின்றார். ஒரு கிளை கீழே கிடந்தது. குலை இருந்த கிளை இன்னும் மேலே.

“அண்ணே, வெட்டாதீங்க!”

“நேத்து வெட்டுங்கறீங்க, இன்னிக்கு வேணாங்கறீங்க. முதல்ல ஏணியப் புடிங்க பாஸ், ஆடுது.”

பிடித்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

கேபினெட்டைத் துடைத்து எல்லாம் புதிதாகச் செய்தேன். இந்த முறை வெறும் பிளேட் வெறுமையாகவே இருந்தது. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: வெறும் பிளேட்டை முதலில் பாருங்கள்.

முடிவைச் சொல்ல நேரிலேயே போனேன். கொடிக்குள் நாலைந்து வகைப் பூஞ்சைகள் இருக்கின்றன, எதுவும் கெடுதல் இல்லை, கொடி ஆரோக்கியம் என்று விளக்கினேன். ஆன்டி பொறுமையாகக் கேட்டார்.

“அன்னிக்குப் பூஞ்சை இருந்ததால நோய்னு சொன்ன. இப்பவும் பூஞ்சை இருக்கு, ஆரோக்கியம்ங்கற. கொடி அப்படியேதான் தம்பி இருக்கு. உன்னத்தான் யாராச்சும் செக் பண்ணணும்.”