ஞானையா சார் போட்ட தலைப்பு

எங்கள் நாளிதழின் தாம்பரம் அலுவலகத்தில் ஞானையா சார் முப்பத்தோரு வருடமாகத் தலைப்பு போடுகிறார். பைபிளுக்கு அடுத்தபடி அவருக்கு நம்பிக்கை கேள்விக்குறியின் மேல்தான். உறுதியாகத் தெரியாததை எழுதி, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் வழக்கும் வராது, தூக்கமும் கெடாது என்பார். வீட்டில் குழம்பு வாயில் வைக்க முடியாமல் கரித்தாலும், 'உப்பு கொஞ்சம் அதிகமோ?' என்றுதான் மனைவி டெபோரா அக்காவிடம் கேட்பாராம்.

போன மாதம் ஒரகடம் பக்கம் ஒருவனைப் பயங்கரவாத வழக்கில் பிடித்தார்கள். அவன் குடியிருந்தது படப்பையில், கதிரேசன் நடத்தும் மெஸ்ஸின் மாடியில். அதனால் கதிரேசனையும் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். போலீஸ் குறிப்பில் அவ்வளவுதான் இருந்தது. நம்மவர் முதல் பக்கத்தில், 'படப்பை மெஸ் உரிமையாளருக்குப் பயங்கரவாதிகளுடன் தொடர்பு?' என்று போட்டார். பக்கத்திலேயே கதிரேசனின் படம். பிரமாதம் சார் என்று நானும் சொன்னேன். நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் நாளே, சம்பந்தமில்லை என்று கதிரேசனை விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி ஒன்பதாம் பக்கத்தில், நாய்க்கடிக்குக் கீழே நாலு வரி. படம் இல்லை.

அடுத்த வாரம் கதிரேசன் இரண்டு பேப்பரையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மெஸ்ஸுக்கு வரும் கம்பெனி ஆட்கள் அடியோடு நின்றுவிட்டார்கள், இப்படியே போனால் இந்த மாதத்தோடு மூட வேண்டியதுதான் என்றார். தன்னை விட்டுவிட்டதையும் அதே இடத்தில், அதே அளவில் போடச் சொன்னார். தலைப்பில் கேள்விக்குறி இருந்ததே என்று ஞானையா சார் இழுத்தார்.

"அத்த யாரு சார் பாத்தா? என் போட்டோவத்தான் பாத்தாங்கோ."

சார் எழுந்து ஆசிரியரின் அறைக்குப் போனார். ஒருத்தரை விட்டுவிட்டதெல்லாம் முதல் பக்கச் செய்தியா என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். எங்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியவரே ஞானையா சார்தான்.

மறுநாள் மத்தியானம் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு படப்பைக்குப் போனார். மெஸ்ஸில் ஈ காக்கை இல்லை. சார் உட்காரக்கூட இல்லை. "அந்தத் தலைப்பு போட்டது நான்தாங்க," என்றார்.

கதிரேசன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு இலையை எடுத்துவந்து, வாசலை ஒட்டிய மேஜையில் விரித்தார்.

"இங்க ஒக்காரு சார். என் மூஞ்சிய ஊரே பாத்துச்சு. நீ இங்க துன்றத இப்ப ஊரு பாக்கட்டும். நாளைக்கும் வா."