பெட்ராவுல போட்ட பெரட்டு

வாயெல்லாம் மணல்... அதுக்கு மேல நெத்திலி சம்பல் காரம். ஜோர்டான்னு யாராச்சும் சொன்னா எனக்கு இன்னிக்கும் முதல்ல நாக்குக்குத்தான் ஞாபகம் வருது.

இருபது வருசம் ஆகப்போகுது மக்களே. ஈப்போவுல ஒரு டிராவல் ஆபீஸ்ல சேர்ந்து அப்பதான் ஆறு மாசம். முதல் தடவையா ஒரு குரூப்பை என் கையில ஒப்படைக்கிறாங்க. பெரும்பாலும் சுங்காய், சிலிம் ரிவர் பக்கத்து ஆளுங்க, பதினெட்டு பேரு. எட்டு நாள் பாலைவனம், பாறையைக் குடைஞ்சு கட்டுன பழைய ஊரு எல்லாம் சுத்திக் காட்டிட்டு வரணும்.

ஏர்போர்ட்டுல பாஸ் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. பதினெட்டு பேரைக் கொண்டு போற, பதினெட்டு பேரையும் கொண்டு வரணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் ஆபீஸ் பக்கம் தலை காட்டாதே.

அப்ப நான் கொஞ்சம் அலட்டல்தான்... ஒத்துக்கிறேன். கையில சிவப்புக் கொடி, கழுத்துல விசில், கண்ணுல கறுப்புக் கண்ணாடி. வாயைத் திறந்தா "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்". எந்த ஊரும்மான்னு யாராச்சும் கேட்டா, ஈப்போன்னு சொல்லிட்டு டக்குனு வேற பேச்சுக்குத் தாவிருவேன்.

கொடியை யாரும் சட்டை பண்ணல. விசில் அடிச்சா, வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு அவங்கபாட்டுக்குப் போட்டோ எடுப்பாங்க.

தைப்பிங்ல இருந்து வந்த ஒரு அண்ணே ரெண்டு குடையும் ஒரு மழைக் கோட்டும் கொண்டு வந்திருந்தாரு. பாலைவனத்துக்கு! அவங்க ஊரு மழை அவரை அப்படிப் பழக்கி வெச்சிருக்கு. முதல் நாள் பஸ்ஸே சிரிச்சுச்சு. மூணாவது நாள் அந்த வெயில்ல, சிரிச்ச அத்தனை பேரும் அவரு குடைக்குள்ள எடம் தேடுனாங்க. நானுந்தான்.

அப்புறம் லெட்சுமி அக்கா. சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துல முப்பது வருசம் பால்மரம் வெட்டுனவங்க. மகன் வேலைக்குப் போயி காசு சேர்த்து அம்மாவை அனுப்பி வெச்சிருந்தான். காலையில ஏழு மணிக்குக் கிளம்பணும்னா, அஞ்சு மணிக்கே குளிச்சுப் பூ வெச்சு ஹோட்டல் வாசல்ல உக்காந்திருப்பாங்க. பஸ்ஸுல எல்லாருக்கும் சம்பல் டப்பா நீட்டுறதும் அவங்கதான்.

பெட்ரா போன அன்னிக்கு, ரெண்டு மணிக்கு ஒட்டகம் நிக்கிற எடத்துல எல்லாரும் வந்துரணும்னு சொல்லியிருந்தேன்.

எண்ணுனேன். பதினேழு.

மறுபடி எண்ணுனேன். என்னையும் சேர்த்து எண்ணித் தப்பா பதினெட்டுன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். இல்ல... லெட்சுமி அக்காவைக் காணோம்.

அந்த ஊரு பாத்தவங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை, சந்து, குகை. அக்கா கையில போனும் கிடையாது. மத்தவங்களை அங்கயே உக்கார வெச்சிட்டு ஓடுனேன். வேலை போறது இருக்கட்டும், அந்த மகன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? கறுப்புக் கண்ணாடிக்குள்ள அழுதுக்கிட்டேதான் ஓடுனேன்.

அப்பதான் கேட்டுச்சு. டங்... டங்... டங்...

இரும்பை இரும்பால அடிக்கிற சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்க தோட்டத்து ஆபீஸ் முன்னாடி ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியுமுன்ன அதை அடிச்சா, அம்மா என்னைப் போர்வைக்குள்ள தள்ளிட்டு ஓடுவாங்க. எல்லாரும் வரிசையில நிக்கணும். அதுக்குப் பேரு பெரட்டு. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி பேரு கூப்பிட்டு எழுதுவாரு. லேட்டா போனா அரை நாள் பேருதான் விழும், கூலியும் பாதிதான்.

அக்கா எங்க இருப்பாங்கன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. சத்தம் வந்த பக்கம் ஓடுனேன்.

ஒரு பாறைக்குப் பின்னால, இடிஞ்ச சுவரைச் சரிபண்ற வேலை நடக்குது. வேலையாளுங்களுக்கு டீ நேரம், அதுக்குத்தான் மணி. டீ வாங்க அரபுக்காரங்க வரிசையா நிக்கிறாங்க... அந்த வரிசைக்கு நடுவுல ஊதாச் சேலை, காலுல வெள்ளை சப்பாத்து, தலையில துண்டோட லெட்சுமி அக்கா. முன்னாடி ஆளும் பின்னாடி ஆளும் மரியாதையா தள்ளி எடம் விட்டு நிக்கிறாங்க.

"இங்க என்னக்கா பண்றீங்க?"

"சத்தம் கேட்டுச்சு தங்கச்சி. கால் தானா வந்துருச்சு லா." அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாங்க. "லேட்டாயிருச்சா? அரை நாள் பேரு போட்டுறாதம்மா."

அழுதுக்கிட்டே சிரிச்சுட்டேன். அக்கா மட்டும் என்னையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"சத்தத்தை வெச்சுல்ல வந்திருக்க... நீ எந்தத் தோட்டம்?"

இந்தத் தடவை ஈப்போன்னு சொல்ல வாய் வரல. சுங்காய்தான்கா, எங்கம்மாவும் பால்மரம் வெட்டுனவங்கதான்னு சொன்னேன். அக்கா தன் டீயை என் கையில கொடுத்தாங்க. புதினா போட்ட டீ. சீனி தூக்கல்.

அன்னிக்கு ராத்திரியே கொடியும் விசிலும் பையோட அடிக்குப் போயிருச்சு. மறுநாள் ஹோட்டல் சமையல்கட்டுல ஒரு பெரிய தட்டும் கரண்டியும் கேட்டு வாங்கினேன். டங் டங்னு அடிச்சேன் பாருங்க... ரெண்டே நிமிசம், பதினெட்டு பேரும் வரிசையில! தைப்பிங் அண்ணே தோட்டத்தைக் கண்ணாலயே பாத்ததில்ல, அவரும் குடையோட வந்து நின்னாரு.

இப்ப எல்லார் கையிலயும் போன். யாரு எங்க இருக்காங்கன்னு மேப்புல புள்ளி புள்ளியா தெரியுது. வாங்கன்னு மெசேஜ் போட்டா நீல டிக் விழுது, ஆளு மட்டும் வரமாட்டேங்குது. அதனால என் பையில இப்பவும் ஒரு தட்டு இருக்கு. பஸ்ஸுல ஏறுனதும் முதல்ல என் தோட்டத்துப் பேரைச் சொல்லிட்டுத்தான் மத்த பேச்சே.

போன மாசம் ஈப்போவுல மகன் வீட்டுல இருக்கிற லெட்சுமி அக்காவைப் பாக்கப் போனேன். எழுபது தாண்டிருச்சு. முட்டி ரெண்டும் தகராறு, கம்பு ஊனித்தான் நடக்குறாங்க. அடுத்து எகிப்து போறோம்னு சும்மா பேச்சுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் முட்டியத் தடவிக்கிட்டு இருந்தாங்க.

"முழு நாள் நடக்க முடியாது தங்கச்சி. அரை நாள் பேரு போடு... வாரேன்."

போட்டுட்டேன். லிஸ்ட்டுல முதல் பேரே அவங்களோடதுதான்.