ஆதியிலிருந்தே இப்படித்தானா

சென்னையில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். பி.ஏ.யில் அதுதான் என் முக்கியப் பாடம். வகுப்பில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால் பேராசிரியர் சாக்குக்கட்டியால் மேசையைத் தட்டி, "ஆதாரம் எங்கே?" என்பார். மூன்று வருஷத்தில் அந்தத் தட்டல் என் எலும்புக்குள் இறங்கிவிட்டது. பசிக்கிறது என்று சொல்லக்கூட யோசித்தேன்.

சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் தங்கைக்குப் பதினாறு வயது. முகம்கூடச் சரியாக நினைவில்லாத புருஷன் இறந்து ஏழு வருஷம். முடியை எடுத்துவிட வேண்டும் என்று வாலாஜாபாத்திலிருந்து பெரியப்பா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பதில் எழுதாமல் நாளைக் கடத்தினார்.

கோடை விடுமுறைக்கு நான் வந்த அன்றே அவள் கேட்டாள்.

"அண்ணா, எதிர்ச்சாரியில நாமம் வேற மாதிரி போட்டுக்கறவாளும் இதே பெருமாளைத்தானே சேவிக்கறா? அந்தாத்து மாமியும் என்னை மாதிரிதான். அவாளுக்கு முடி இருக்கே. ஆதியிலேர்ந்தே நமக்கு இப்படித்தானா?"

அதைவிட நல்ல கேள்வியை நான் கல்லூரியில் கேட்டதில்லை. வெறிபிடித்தவன் போல வெயிலில் அலைந்தேன். வீடு வீடாகப் போய்ச் சுவடிகளையும் அச்சுப் புத்தகங்களையும் இரவல் வாங்கிப் புரட்டினேன். ஒன்றில் எடு என்றிருந்தது. ஒன்றில் வேண்டாம் என்றிருந்தது. மிகப் பழையவற்றில் பேச்சே இல்லை.

அவளிடம் சொன்னேன். முகம் விரிந்தது.

"அப்போ நடுவில வந்ததுதானே? வந்தது போகவும் போகலாமோன்னோ?"

அடுத்த வாரம் பெரியப்பா நாளைக் குறித்துக்கொண்டுதான் வந்து இறங்கினார். கூடத்தில் உட்கார்ந்தோம். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீதான் சரித்திரம் படிக்கிறவனாச்சே. சொல்லு. இது ஆதியிலேர்ந்து உண்டா, இல்லையா?"

"பழைய நூல்ல காணலைப்பா. ஆனா காணலைங்கறதுனால இல்லேன்னு சொல்லிட முடியாது. நான் பார்க்காத சுவடி எத்தனையோ இருக்கு. ஆதாரம் போதாது."

பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "மூணு வருஷம் பட்டணத்துல இருந்து, தெரியலைன்னு சொல்லக் கத்துண்டு வந்திருக்கான்! அதை நான் வாலாஜாபாத்துலயே இருந்துண்டு சொல்லியிருப்பேனே. சரி, வியாழக்கிழமை."

கதவுக்குப் பின்னால் அவள் அழுதிருந்தால் நான் வேறு ஏதாவது சொல்லியிருப்பேனா? இத்தனை வயதுக்கப்புறமும் தெரியவில்லை.

வியாழன் காலை, கிணற்றடி. நான் உள்ளேயே இருந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. நாவிதரின் குரல் வந்தது: "கண்ண மூடிக்கம்மா. தண்ணி எறங்குது. தோ, ஆயிடும்."

அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணாவை எதிர்த்துப் பேச எனக்கு என்னிக்கும் வாய் கிடையாதுடா. நீ இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதைப் பிடிச்சுண்டு நின்னிருப்பேன். அதுக்குத்தான் உன்னைக் கேட்டேன்."

பெரியப்பாவுக்குப் பரம திருப்தி. முடியோடு இருந்தவரை அவள் சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டியதில்லை. "இனிமே அவளே தளிகை பண்ணலாம்" என்றார். அன்றே அவள் அடுப்பு மூட்டினாள்.

மத்தியானம் அவள்தான் பரிமாறினாள். முக்காட்டின் ஓரம் என் இலைக்கு மேலே வந்து வந்து போயிற்று. நிமிராமல், போட்டதையெல்லாம் சாப்பிட்டேன்.