எனக்கில்லை என்ற நிம்மதி

வடக்கனந்தலில் வண்டிக்கார வீரமுத்து என்றால் எல்லோருக்கும் தெரியும். வண்டி அவனுடையதில்லை. தங்கதுரை என்ற வியாபாரியின் 'குட்டி யானை' எனப்படும் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் போய் மரவள்ளிக் கிழங்கு, புளி, பலாப்பழம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கீழே இறக்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லாத வளைவிலும் அவன் கை நடுங்காது. தைரியசாலி என்று பெயர் எடுத்திருந்தான்.

அவன் பயந்தது ஒன்றுக்குத்தான். அவன் அப்பா பிச்சைமுத்துவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் போய், கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போய் அழைத்துப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கடைசி நாட்களில் கால் இரண்டும் ஊதிக் கிடந்த கிழவர் ஒரு வாய் தண்ணீருக்குக் கெஞ்சுவார். கூடுதலாக ஒரு மடக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டம்ளரைத் தள்ளி வைத்தவன் வீரமுத்துதான். அதை அவன் யாரிடமும் பேசியதில்லை.

வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற சுபஸ்ரீ, ஒருநாள் சாயங்காலம் அவன் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, சிறுநீர்ல புரதம் போவுதான்னு ஒரு டெஸ்ட்டு இருக்குது. நீங்க கட்டாயம் குடுக்கணும்."

"ஒடம்புல ஒண்ணும் இல்லாதவனுக்கு இன்னா டெஸ்ட்டு?"

"நோவு வந்தவங்களுக்கு ஆசுபத்திரி இருக்குதுண்ணே. வராம பாத்துக்கத்தான் நாங்க வூடு வூடா வர்றோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி பாக்க முடியுமா? ஒங்கப்பாவுக்கு இருந்திச்சி. அதனால ஒங்களுக்கு முன்னாடியே பாத்துடணும். கிட்னி கெட்டா வலிக்காது, தெரியாது. தெரியறப்போ பாதிக்கு மேல போயிருக்கும்."

அவன் ஏதோ சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்தான். மனைவி அம்சவள்ளிதான் நடுவே வந்தாள். நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டவும் போகிறவள்; வாட்டசாட்டமான உடம்பு. "அந்தப் பொண்ணு நம்ம நல்லதுக்குத்தான சொல்லுது? நானும் குடுக்கறேன், நீங்களும் குடுங்க," என்றாள். சுபஸ்ரீ இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்து, மூடிமேல் ஆளுக்கொரு பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். காலையில் எழுந்ததும் முதலில் போகிற சிறுநீரைப் பிடித்து வைக்க வேண்டும்.

மறுநாள் காலை வீரமுத்து டப்பாவைக் கையில் வைத்துப் பார்த்தான். மேலே நுரை நின்றது. அப்பாவுக்கும் இப்படித்தான் நுரைத்தது என்று அவனுக்குத் தோன்றியது. விஷயம் வெளியே தெரிந்தால் தங்கதுரை வண்டிச் சாவியைத் திருப்பிக் கேட்பார். ஊரில், அப்பனுக்கு வந்தது மகனுக்கும் வந்துவிட்டது என்பார்கள். அதையெல்லாம்விட, அந்த டம்ளர் கண் முன்னால் வந்தது.

அம்சவள்ளி தன் டப்பாவை ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போயிருந்தாள். வீரமுத்து இரண்டையும் திறந்து மூடிகளை மாற்றிப் போட்டான். ஒரு நிமிட வேலை. அவள் கல் மாதிரி இருக்கிறவள். அவள் டப்பாவில் ஒன்றும் இருக்காது. தன்னுடையதில் ஏதாவது இருந்து அவள் பெயருக்கு வந்தாலும், மறுபடி கூப்பிட்டு அவளிடமே வாங்கிப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும், அதோடு முடிந்துவிடும். இப்படிக் கணக்குப் போட்டான்.

சில நாள் கழித்து சுபஸ்ரீ வந்தாள். "அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. அண்ணே, ஒங்களுக்குத்தான் கொஞ்சம் புரதம் போவுது. பயப்படாதீங்க, ஆரம்பந்தான். மாத்திரையிலயும் சாப்பாட்டுலயும் நிறுத்திடலாம்."

அம்சவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீரமுத்து சுவரில் சாய்ந்து நின்றான். அவன் பெயர் எழுதிய மூடிக்குக் கீழே இருந்தது அவளுடையது. அது அவனுக்கு உடனே புரிந்தது. ஆனால் அதற்கும் முன்னால் வேறொன்று வந்தது. எனக்கில்லை. எனக்கு ஒன்றுமில்லை. உடம்பெல்லாம் லேசாகி, கண் கலங்கியது. அழுகிற மனைவி அதைப் பார்த்துவிட்டு, பயந்து போயிருக்கிறார் என்று நினைத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்கறேன் இல்ல," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று முதல் வீட்டில் அவனுக்குத் தனிக் குழம்பு. உப்பு கம்மி. கருவாட்டுப் பானை பக்கத்து வீட்டுக்குப் போனது. அம்சவள்ளி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவனைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் செந்தமிழ்ச்செல்வி மறுபடி பரிசோதித்தார். இந்த முறை சிறுநீர் சுத்தமாக இருந்தது.

"காய்ச்சல் இருந்தா, தண்ணி கம்மியா குடிச்சா சில சமயம் அப்படிக் காட்டும். மூணு மாசம் கழிச்சி இன்னொரு வாட்டி பாத்துடலாம். அதுவரைக்கும் கடையில செட்டா விக்கற வலி மாத்திரைய மட்டும் தொடாதீங்க. கிட்னிக்கு அது விஷம்."

வெளியே வந்ததும் அம்சவள்ளி மருத்துவமனை வாசலிலேயே சூரியனைப் பார்த்துக் கும்பிட்டாள். பஸ்ஸில் வரும்போது, "கேட்டீங்க இல்ல? கை வலி கால் வலின்னு ஒரு மாத்திரை போடக்கூடாது, ஆமா," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், முட்டி வலிக்கிறது என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடையில் வாங்கிய இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"நீயும் அத போடாத," என்றான் வீரமுத்து.

"எனக்கு இன்னா? டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னுதான வந்திச்சி. இது போடலன்னா நாளைக்கி எப்படி நடவுக்குக் குனியறது?"

அதற்கப்புறம் அவள் மாத்திரை போடுகிற நேரத்தில் அவன் வெளியே போய்விடுவான். கடைக்காரரிடம் தனியாகப் போய், அவளுக்கு மாத்திரை கொடுக்காதீர்கள் என்றான். அவர் சிரித்துவிட்டு, "இன்னொரு கடையில வாங்கிக்கினு போவும்," என்றார். நாளை சொல்லிவிடலாம், அறுவடை முடியட்டும், மகள் இலக்கியா திருக்கோவிலூரிலிருந்து வந்துவிட்டுப் போகட்டும் என்று காரணம் ஒன்று மாற்றி ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. தன்னைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால் காது கூசியது.

மூன்று மாதம் ஆவதற்குள் அது நடந்தது. களத்திலிருந்து வந்த அம்சவள்ளி, மெட்டி இறுக்குகிறது, கழற்ற வரவில்லை, எண்ணெய் தடவி இழுங்கள் என்று காலை நீட்டினாள். அவன் பாதத்தைப் பிடித்தான். கட்டைவிரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. அப்பாவின் காலில் அவன் பார்த்தது அதே குழிதான்.

மெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேராக சுபஸ்ரீ வீட்டுக்குப் போனான். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான், தலையை நிமிர்த்தாமல். அவளே வந்து, டெஸ்ட்டில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று கேட்டான்.

சுபஸ்ரீ தலையாட்டி மறுத்தாள். "நான் பொய் சொல்ல மாட்டேண்ணே. நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே சொல்லுங்க. காலையில நான் வந்து அக்காவக் கூட்டிக்கினு போறேன்."

அவன் திரும்பி வந்தபோது அம்சவள்ளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னான். நுரையைச் சொன்னான், மூடியைச் சொன்னான். அவள் கை நிற்கவில்லை. காம்பு வேறு இலை வேறாக ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வந்து சொல்லிச்சே, அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்றதில்லை.

"தெரியும்."

"நான் அழுதுக்கினு ஒன் கையப் புடிச்சனே. அப்பவுமா?"

"ஆமா."

"வலி மாத்திரை வெஷம்னு டாக்டர் சொன்னாங்க. நான் ஒன் எதிர்லதான போட்டன்."

அவள் கீரையை அலசி அடுப்பில் வைத்தாள். அவனுக்கும் சோறு போட்டாள். போடாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

காலையில் சுபஸ்ரீயோடு அம்சவள்ளி கிளம்பினாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தபோது தடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. டாக்டர் அறைக்குள் மட்டும், "நீ வெளிய இரு," என்றாள். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு அவன் காதில் விழுந்தது. பிரஷர் ஜாஸ்தி. புரதம் நிறையப் போகிறது.

"ஒங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திச்சாம்மா?"

"எங்கம்மா மூஞ்சி, கை காலு எல்லாம் வீங்கித்தான் செத்திச்சி. காத்து கருப்புன்னு சொன்னாங்க."

வீரமுத்துவுக்கு அந்தச் சாவு நினைவிருந்தது. மாமியாரைத் தூக்கிய நால்வரில் அவனும் ஒருவன். பயமென்றால் அவன் அப்பா மட்டும்தான் கண்ணில் பட்டார். அவளுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ரொம்ப மோசமாவல," என்றார் டாக்டர். "மாத்திரை போட்டா இந்த அளவுலயே புடிச்சி நிறுத்தலாம். இன்னும் கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா காலு வீங்கற வரைக்கும் வந்திருக்காது."

அம்சவள்ளி ஒன்றும் சொல்லவில்லை. சுபஸ்ரீயும் சொல்லவில்லை. முன்னாடியே தெரிந்தவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்சவள்ளி வலி மாத்திரையை விட்டுவிட்டாள். குனிந்து செய்கிற வேலைக்குப் போவதில்லை. காய்கறிக் கடை ஒன்றில் உட்கார்ந்து எடை போடுகிறாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது, கெட்டது மேலும் கெடவில்லை என்று டாக்டர் சொன்னார். இலக்கியாவையும் வரவழைத்துப் பரிசோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "எங்கம்மாவுக்கு இருந்திச்சிடி," என்று மட்டும் அம்சவள்ளி சொன்னாள்.

மருத்துவமனை நாளில் மலைக்குப் போகாமல், தங்கதுரையிடம் கேட்டு அதே வண்டியில் மனைவியை முன்னால் உட்கார வைத்து அழைத்துப் போவான் வீரமுத்து. அவனுக்கும் உப்பில்லாக் குழம்புதான், அவனே சமைப்பான். போன வாரம் வண்டி கிளம்பும்போது எதிர்வீட்டுக் கலையரசி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஒன்ன மாதிரி குடுத்து வெச்சவ யாரு அம்சா? பொண்டாட்டிய இப்பிடிப் பாத்துக்கற ஆம்பள இந்த ஊருல எவன் இருக்கறான்?"

வீரமுத்துவின் முகம் சிவந்தது. மனைவி ஏதாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஆமாக்கா, நல்லாத்தான் பாத்துக்கறாரு," என்றாள் அம்சவள்ளி, சாலையைப் பார்த்துக்கொண்டே.

அவன் வண்டியை எடுத்தான்.